ஒரு குளியலறை, இரண்டு பங்கு

அன்று சாயங்காலம் அவள் தட்டுவதற்கு முன்பே சுவர் பதில் சொல்லிவிட்டது.

குவளை இன்னும் வாளிக்குள்தான் கிடந்தது. மகளின் சீருடையைத் துவைக்கக் குனிந்தவளுக்கு, ஓடு பதித்த சுவரின் அந்தப்பக்கம், தோள் உயரத்தில், ஒரே ஒரு தட்டல் கேட்டது. வழக்கம் அப்படியில்லை. இவள் இரண்டு முறை தட்டினால் ‘இருக்கீங்களா அக்கா’ என்று அர்த்தம். அந்தப்பக்கம் ஓரகத்தி ஒருமுறை தட்டினால் ‘இருக்கேன்’ என்று அர்த்தம். கேள்வி போகாமல் பதில் வந்ததே இல்லை.

அண்ணனும் தம்பியும் வீட்டைப் பிரித்தபோது குளியலறையைக்கூட விட்டுவைக்கவில்லை. நடுவில் சுவர் எழும்பியது. இருந்த ஒரே ஜன்னல் அண்ணன் பங்குக்குப் போனது. தம்பி பங்குக்கு ஈரமும் இருட்டும் வந்தன. மனைவிமார் பேசிக்கொள்ளக் கூடாது என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் அப்படி ஒரு ஒற்றுமை. அதனால்தான் இந்தத் தட்டல். குவளை சுவரில் இடித்தது என்று சொன்னால் எந்தப் புருஷனும் நம்புவான்.

அவள் குவளையை எடுத்து இரண்டு முறை தட்டினாள். மழை ஓட்டில் விழும் சத்தமும், தலைக்கு மேலே புது ஹீட்டரிலிருந்து வரும் புது இரும்பின் வாசனையும் தவிர எதுவும் இல்லை. பிறகு, நிதானமாக, டொக். இந்த முறை இடுப்பு உயரத்தில்.

ஹீட்டர் வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பார்த்ததுமே பிளம்பர் தலையை ஆட்டிவிட்டார்.

“ஜன்னல் இல்லாத ரூம்ல கேஸ் ஹீட்டர் கூடாதுங்க. புகைக்குழாய் வெளியில போயே ஆகணும். புகைன்னா கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் இருக்காது. தூக்கம் வர்ற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.”

“வெளியில விட என்ன ஆகும்?” என்றான் கணவன்.

“சமையல்கட்டு வழியா வளைச்சுக் கொண்டு போகணும். ஹீட்டர் விலைக்கு மேல ஆயிடும். அதுக்கு கரண்ட் ஹீட்டரே மாட்டிடலாம். தனி லைன் இழுத்து எர்த் குடுக்கணும். மீட்டர்தான் உங்க அண்ணன் பக்கம் இருக்கு. அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டீங்கன்னா முடிஞ்சுது.”

ஒரு வார்த்தை. இந்த வீட்டில் அதைவிட விலை கூடிய பொருள் வேறு கிடையாது. கணவன் பிளம்பரை அனுப்பிவிட்டு, அந்தப்பக்கம் ஆள் இல்லாத ஒரு மதியம், தானே சுவரின் உச்சியில் ஓட்டை போட்டுக் குழாயைச் செருகினான்; சுற்றியிருந்த இடுக்கைப் பூசவில்லை. அந்தப்பக்கப் பரணில் அடுக்கியிருந்த பழைய சாமான்களுக்குப் பின்னால் அது தெரியாமல் போயிற்று.

“அக்கா குளிக்கிற இடங்க அது.”

“ஜன்னல் அவன் பங்குலதானே இருக்கு, போயிடும். நம்ம புகையாவது அவன் அனுபவிக்கட்டும்.”

அவள் தினமும் தட்டினாள். ‘ஜாக்கிரதை’ என்று சொல்ல அந்தத் தட்டலில் வழி இல்லை. நேரில் போய்ச் சொல்ல அவளுக்குத் துணிச்சல் இல்லை. அந்தக் கோழைத்தனம் நெஞ்சுக்குள் புளித்துக்கொண்டே இருந்தது.

டொக். இப்போது முழங்கால் உயரம்.

அவள் சுவரில் காதை வைத்தாள். ஓடு சில்லென்று இருந்தது. அந்தப்பக்கம் தண்ணீர்ச் சத்தம் இல்லை, வளையல் சத்தம் இல்லை, மூச்சுகூட இல்லை. ஏதோ ஒன்று சுவரோடு உராய்ந்துகொண்டு மெல்லக் கீழே சரிவது மட்டும் கேட்டது. அவளும் கூடவே குனிந்தாள். டொக். தரையை ஒட்டி. அவள் கால் விரலுக்குப் பக்கத்தில்.

துணியைப் போட்டது போட்டபடி வெளியே ஓடிவந்தாள்.

“அக்கா உள்ள விழுந்துட்டாங்க போல. நான் போய்ப் பார்க்கிறேன். குட்டியைக் குளிக்க விடாதீங்க.”

கணவன் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அந்த வாசப்படியை மிதிச்சா திரும்பி இங்க வராத.”

மகள் தோளில் துண்டோடு நின்றிருந்தாள். மழையில் நனைந்து உதடு வெளுத்திருந்தது. “இப்ப வேண்டாம்டா கண்ணு. அம்மா வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு அவள் இறங்கி நடந்தாள்.

அந்தப்பக்க வாசலில் கணவனின் அண்ணன், பெரியவர், அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தார். ஒரு காலில் ஷூ இருந்தது. தம்பி மனைவியைக் கண்டதும் முகம் இறுகியது.

“அக்கா எங்க?”

“படுத்திருப்பா. காலையில நான் கிளம்பும்போது குளிக்கப் போனா.”

குளியலறைக் கதவு முழுதாகத் திறக்கவில்லை, உள்ளேயிருந்து எதுவோ தடுத்தது. பெரியவர் தோளைக் கொடுத்துத் தள்ளினார். ஓரகத்தி பங்குச் சுவரில் சாய்ந்து, கதவுப்பக்கம் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். தலையில் சோப்பு காய்ந்து வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. வாளித் தண்ணீரில் சோப்பு ஆடை படிந்திருந்தது. இவள் அக்காவின் கையைத் தொட்டுப் பார்த்தாள். கட்டைபோல விறைத்த கை. விரல் மடங்கவில்லை. காலையில் கணவன் வெகுநேரம் குளித்தது நினைவுக்கு வந்தது.

ஜன்னலில் பலகை அடித்திருந்தது. இடுக்கெல்லாம் துணி திணித்திருந்தது.

“உங்க பேச்சு எங்க காதுல விழக்கூடாதுன்னு நேத்து ராத்திரிதான் அடிச்சேன்” என்றார் பெரியவர், யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல. அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

காலையிலேயே போய்விட்டவள். அப்படியென்றால் இப்போது தட்டியது?

பரணுக்கு மேலே ‘குப்’ என்றது. அவளுக்குத் தெரிந்த சத்தம். தண்ணீரைத் திறந்தால் ஹீட்டர் பற்றிக்கொள்ளும் சத்தம். வெதுவெதுப்பான காற்று ஒன்று மேலேயிருந்து அவள் முகத்தில் இறங்கியது. எந்த வாசனையும் இல்லை. சுவருக்கு அந்தப்பக்கம் மகள் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள்.

“குட்டி! வெளிய வா!”

பாட்டு நின்றது. இரண்டு தட்டல் வந்தது. சின்னக் கை. அம்மா தட்டுவதைப் பார்த்துப் பழகிய கை.

இந்தப்பக்கத்திலிருந்து ஒரு தட்டல் போயிற்று.

அவள் தட்டவில்லை. பெரியவர் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார். விறைத்த கை அசையவில்லை. ஆனால் அந்தக் கைக்குப் பக்கத்தில்தான் சுவர் அதிர்ந்தது.

ஓடினாள். மழை. சேறு. தன் வீட்டு வாசல். கதவு தாழிட்டிருந்தது.

“கதவைத் திறங்க. குட்டி உள்ள குளிக்கிறா.”

“சொன்னேன்ல. அங்கேயே இரு.”

“உங்க காலைப் பிடிக்கிறேன். குட்டியை வெளிய கூப்பிடுங்க.”

அவள் குரலில் எதுவோ அவனை எழுப்பியிருக்க வேண்டும். நாற்காலி நகர்ந்தது. காலடி குளியலறைப் பக்கம் போயிற்று. குட்டி, குட்டி என்று கூப்பிட்டான். உள்கதவை இடித்தான். பிறகு இடிப்பதை நிறுத்திவிட்டான். திரும்பி வந்து வாசல் கதவுக்குப் பின்னால் நின்றான். அவன் மூச்சு கேட்டது.

“உள்ள ரெண்டு பேர் தட்டுறாங்க” என்றான். “நம்ம பக்கத்துலயே.”

“திறங்க.”

“ரெண்டு சத்தமும் கீழ இறங்குது.”

அவன் தாழ்ப்பாளைப் பிடித்தான். இரும்பு கடகடவென்று ஆடியது. திறக்கவில்லை. கதவில் கன்னத்தை வைத்து அவள் கேட்டாள். மாறி மாறி, அவசரமே இல்லாமல், தரையை ஒட்டி. ஒன்று அவளுக்குப் பழகிய கை. மற்றது சின்னது. அதுவும் இப்போது ஒருமுறை மட்டுமே தட்டியது.