காற்று எந்தப் பக்கம்?

கடகடகடகட... கர்ர்ர்ர்!

தகர டப்பாவுக்குள் ஆணியைப் போட்டுக் குலுக்குவதுபோல் சத்தம். ஒர்க்‌ஷாப்பே திரும்பிப் பார்த்தது.

மெக்கானிக் உதட்டைப் பிதுக்கினார். "மனசைத் தேத்திக்கங்கண்ணே. இன்ஜின் போச்சு."

அப்பா காரின் கூரையைத் தடவிக் கொடுத்தார்.

வாண்டு, அவருடைய ஒரே மகள். அம்மா மலைமேல் உள்ள ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கே போய்க்கொண்டிருந்த பஸ்ஸும் நின்றுவிட்டது. சனிக்கிழமைதோறும் இந்தக் கார் போய் அழைத்து வந்தால்தான் அம்மா வீட்டுக்கு வர முடியும்.

இன்று சனிக்கிழமை.

மெக்கானிக் சாவியைத் திருப்பினார். இன்ஜின் அடங்கியது. சத்தம் அடங்கவில்லை!

"மாமா, இன்ஜின்தான் தூங்கிடுச்சே! அப்புறம் யாரு கத்துறது?"

மெக்கானிக் பானெட்டுக்குள் தலையை நுழைத்தார். "அட! ரேடியேட்டர் ஃபேன்! இன்ஜின் சூட்டைத் தணிக்கிறது இதுதான். வண்டி நின்னாலும் கொஞ்ச நேரம் சுத்தும். மோட்டார் தேஞ்சு, இறக்கை ஆடி, கூட்டுல இடிக்குது. உனக்குப் பாம்புக் காது!"

பழைய ஃபேன் கழன்றது. புதியது உட்கார்ந்தது. அதன் ஒயர் முனை மட்டும் பழைய சாக்கெட்டில் சேரவில்லை. மெக்கானிக் வெட்டினார், முறுக்கினார், டேப் சுற்றினார். சத்தம் போன இடம் தெரியவில்லை.

"விட்டா பறக்கும்ணே!"

பறக்கவில்லை. மலையின் முதல் வளைவிலேயே, சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்கு ஏறியது. புஸ்ஸ்ஸ்! பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது.

கயிறு கட்டி இழுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்கே திரும்பினார்கள்.

"ஃபேன் புதுசு, தண்ணி நிறைய இருக்கு. அப்படியும் கொதிக்குதுன்னா இன்ஜின்தான் போச்சு. பழைய இரும்புக்குத்தான் போடணும்ணே" என்றார் மெக்கானிக்.

அப்பா ஓரமாகப் போய்ப் போன் பேசினார். "இந்த வாரம் வர முடியாதும்மா."

"அடுத்த வாரம்?" என்றது அம்மாவின் குரல்.

அப்பா போனை மகளிடம் நீட்டினார்.

"நான் நல்லாத்தான் இருக்கேம்மா" என்றாள் வாண்டு. முழுப் பொய்.

கார் ஆறியதும், அதை விலைக்கு எடுக்கப் பழைய இரும்புக்காரர் வந்து சேர்ந்தார். தர்பூசணி வாங்குபவர்போல் கதவைத் தட்டிப் பார்த்தார். "உசுரு இருக்கா? ஸ்டார்ட் பண்ணுங்க, பார்ப்போம்."

இன்ஜின் உறுமியது. வாண்டு காரின் முன்னால் போய் நின்றாள். இனி அம்மா எப்போது வருவாள்? மாசத்துக்கு ஒரு தடவை? அதுவும் இல்லையா? கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

கொஞ்ச நேரத்தில் ஃபேன் சுற்றத் தொடங்கியது. குப்பென்று அனலும் கரித்தூசியும் முகத்தில் அடித்தன. கன்னத்தில் ஈரம் காய்ந்தே போனது.

காற்று ஏன் என் மேல் வருகிறது?

பக்கத்தில் இன்னொரு கார், இன்ஜினும் ஃபேனும் ஓடியபடி நின்றிருந்தது. அதன் முன்னாலும் போய் நின்றாள். அனல் அடிக்கவில்லை. கைக்குட்டையை அதன் முன்பக்கக் கம்பி வலையருகே பிடித்தாள். சட்டென்று ஒட்டிக்கொண்டது!

ஓடி வந்து தங்கள் காரில் பிடித்தாள். கைக்குட்டை வெளிப்பக்கம் படபடத்தது.

வாண்டுவுக்குக் கத்தவேண்டும்போல் இருந்தது. ஆனால், ஆட்கள் சுற்றி நிற்கும்போது மாமாவின் தலை குனிந்துவிடுமே? அவர் சட்டையை இழுத்து, காதோடு காதாகச் சொன்னாள்.

மெக்கானிக் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"என்னய்யா ரகசியம்?" என்றார் இரும்புக்காரர்.

"ரகசியமெல்லாம் இல்லை. ஒயரை மாத்திக் கொடுத்துட்டேன். ஃபேன் தலைகீழாச் சுத்துது. காத்தை உள்ளே இழுக்கறதுக்குப் பதிலா வெளியே தள்ளுது. என் தப்புதாண்ணே!" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார் மெக்கானிக்.

"அப்ப வண்டி எனக்கில்லையா?" இரும்புக்காரர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கிளம்பினார்.

ஒயர்கள் இடம் மாறின. முள் பாதி வரை ஏறி நின்றது. கார் மலை ஏறியது, வளைவுகள் கழிந்தன. முள் அசையவே இல்லை. வாண்டு மட்டும் அதைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசற்படியில் யாரோ கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்கள். கார் வெளிச்சம் பட்டதும் எழுந்து ஓடி வந்தார்கள். அம்மா!

"வர முடியாதுன்னு அப்பா சொன்னாரே! இதென்ன மூஞ்செல்லாம் கரி?"

வாண்டு பின்கதவைத் திறந்தாள்.

"முதல்ல ஏறும்மா!"