இடப்பக்கம் கிடத்திய குட்டி

நேற்று இருபத்துநான்கு படங்கள் இருந்தன. இன்று இருபத்தைந்து.

குதிரை டாக்டர் மரியரட்ணம் எண்ணத் தெரியாதவரல்ல. நுவரெலியாவில் தன்னைத் தவிர வேறு யாருக்கும் எதுவும் தெரியாது என்பதே அவருடைய திடமான அபிப்பிராயம். கொழும்பு ஆஸ்பத்திரி மடையர்கள் யாருடைய படத்தையோ சேர்த்து அனுப்பிவிட்டார்கள் என்று முனகிக்கொண்டார். நேற்று அது ஏன் கண்ணில் படவில்லை என்று யோசிக்க அவருக்கு மனம் வரவில்லை.

இரண்டு வாரத்துக்கு முன், பந்தயக் குதிரையொன்று ஈன்ற நாலு நாள் குட்டியைக் கொழும்புக்குக் கொண்டுபோய், புதிதாக வந்திருந்த சிடி ஸ்கேன் மெஷினுக்குள் படுக்க வைத்தார். பாண் ரொட்டி வெட்டுவதுபோல் நெஞ்சைத் துண்டு துண்டாகக் காட்டும் மெஷின். பச்சைக்குட்டியின் நெஞ்சமைப்பைப் பற்றி எழுதினால் லண்டனில் பெயர் அச்சாகும். அந்த ஆசை அவரைப் பேயாகப் பிடித்திருந்தது.

லாய வேலைக்காரன் அழகுமுத்து அன்று வேனில் ஏறும்போதே சொன்னான். "பச்சக்குட்டிங்க ஐயா. ஒருபக்கமாவே போட்டு வச்சா கீழ்ப்பக்கத்து மூச்சு அடஞ்சிரும். நெஞ்சு கீழ பட குந்த வச்சு, ரெண்டு பக்கமும் வைக்கோலால அண குடுங்க."

எந்த யூனிவர்சிட்டியில் படித்தாய் என்று கேட்டுச் சிரித்தார் டாக்டர். மயக்க ஊசி போட்டு, இடப்பக்கமாகக் கிடத்தி, கால்களைக் கட்டினார். போகும்போது ஆறு மணி நேரம், மெஷினில் ஒரு மணி நேரம், திரும்பும்போதும் அதே பக்கம். ரம்பொடை மலை வளைவில் குட்டி செத்தது. படங்களில் மேற்பக்கத்து நுரையீரல் காற்று நிறைந்து கறுப்பாக இருந்தது. கீழ்ப்பக்கத்து நுரையீரல் வெள்ளையாகச் சுருங்கிக் கிடந்தது.

கட்டுரையில் டாக்டர் வேறு விதமாக எழுதினார். லாய வேலைக்காரன் பலவந்தமாகப் பால் புகட்டியதால் அது நுரையீரலுக்குள் போய்விட்டதாம். டாக்டர் காட்ட அதைப் படித்த குதிரைச் சொந்தக்காரத் துரை அழகுமுத்துவை வேலையிலிருந்து நிறுத்தினார். கட்டுரை நாளைக் காலைத் தபாலில் போகவேண்டும்.

பின்னேரம் ஐந்து மணிக்குப் பந்தயத் திடலிலிருந்து மூடுபனி ஏறி வந்து ஜன்னலை அடைத்தது. ஈர வைக்கோல் வாடை, அதற்கடியில் புளித்த பால் வாடை. எங்கோ மூச்சு இழுக்கும் சத்தம். இழுக்கும் சத்தம் மட்டும்தான். விடும் சத்தம் இல்லை.

கதவு தட்டப்பட்டது. அழகுமுத்து, லாயத்துச் சாவியோடு.

நாற்காலியில் இருந்தபடியே அவனை வாசலில் நிறுத்தினார் டாக்டர். தான் பால் புகட்டவில்லை என்று டாக்டருக்கே தெரியும், அந்த ஒரு வரியை மட்டும் கிழித்துவிட்டால் போதும், பிள்ளைகளோடு எங்கே போவது என்று அவன் தணிந்த குரலில் சொன்னான். தோட்டத்து லயத்தில் பிறந்தவனுக்காக விஞ்ஞானத்தைத் திருத்த முடியாது என்றார் டாக்டர்.

அழகுமுத்து அவரையே உற்றுப் பார்த்தான். "ஐயா, ஒருபக்கமாவே சாஞ்சிருக்கீங்க. நிமிந்து ஒக்காருங்க."

"போடா."

சாவியை வைத்துவிட்டுப் போனான். கதவை உள்ளே தாழிட்டுவிட்டு வந்து, இருபத்தைந்தாம் படத்தை, படம் பார்க்கும் விளக்குப் பெட்டியில் மாட்டினார்.

குட்டியின் நெஞ்சு ஒடுங்கி ஆழமாக இருக்கும். இது அகன்று தட்டையாக இருந்தது. மனித நெஞ்சு. மார்பெலும்புக்கு முன்னால் காசளவு வெள்ளைப் புள்ளி, அதிலிருந்து நாலா பக்கமும் வெள்ளைக் கீற்றுகள். ஸ்கேனில் உலோகம் அப்படித்தான் விழும். கை தானாகக் கழுத்துக்குப் போனது. ஞானஸ்நானத்தன்று அம்மா போட்ட அந்தோனியார் பதக்கம்.

படத்தின் மூலையில் திகதி. இன்றைய திகதி. நேரம் ஐந்து நாற்பது.

சுவர்க் கடிகாரத்தில் ஐந்து முப்பத்தெட்டு.

மேசையில் இருபத்தாறாவது படம். இருபத்தேழு. ஒவ்வொன்றிலும் இடப்பக்கத்து நுரையீரலில் வெள்ளை ஒரு விரற்கடை ஏறியிருந்தது. பயந்துபோனார். அழகுமுத்துவைக் கூப்பிடவேண்டும் என்று முதன்முதலாக நினைத்தார். வாய் திறந்தது. காற்று இல்லை.

நாற்காலி சாய்ந்தது. விழுந்தார். இடப்பக்கமாக.

புரளவேண்டும். புரள முடியவில்லை. கணுக்கால்களில் கயிறு இறுகியது. கயிறே இல்லை. தாழிட்ட கதவு. வெளியே தூரத்தில் அழகுமுத்துவின் இருமல். தேய்ந்தது.

மேலே விளக்குப் பெட்டியில் படம் தானாக மாறியது.

அதில் அவருடைய நெஞ்சு இருந்தது, முழுக்க வெள்ளையாக. அதன்மேல் இன்னொரு சின்ன நெஞ்சு. ஒடுங்கியது, ஆழமானது. விலாவின்மேல் நாலு காலையும் மடக்கி, நெஞ்சு கீழே பட, சரியான முறையில் குந்தியிருந்தது. அதன் இரண்டு நுரையீரலும் நல்ல கறுப்பு.

ஈரமான மூக்கொன்று அவர் காதோரம் மூச்சு விட்டது.