ஏழு சொல்லி ஜெயித்தவள்

வந்தவர் உட்காரவே இல்லை. கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்த ஒரு பகடையை மேசைமேல் வைத்துவிட்டு, "இது என் தங்கச்சியோடது சார். அவளுக்குத் தெரியாம எடுத்துட்டு வந்திருக்கேன்," என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் சுருங்கிப்போயிற்று.

தராசு அந்தப் பகடையைத் தொடவில்லை. கடை கடையாகப் போய் எடைக்கற்களைச் சோதித்து முத்திரை வைத்தே தலை நரைத்தவர் அவர். ஓய்வு பெற்றதும் ஊர் அவருடைய பெயரை மறந்துவிட்டு வேலையை மட்டும் பெயராக வைத்துக்கொண்டது. பங்குத் தகராறு, காணாமல் போன பொருள் என்று எது வந்தாலும் அவர் வாசலில்தான் வந்து நிற்பார்கள்.

பகடையைத் தொட்டது அவருடைய மருமகன். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன். மாமனாரோடு துப்பறிய ஒரு வாய்ப்பு என்றால் சோற்றைக்கூடப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து வருவான்.

"இருபது முகம்! உள்ள ஈயம் இருக்கும் மாமா. ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துடலாமா?"

"நீ எதுக்குத்தான் எக்ஸ்ரே எடுக்கல மாப்ளே? முதல்ல அவரை உட்காரச் சொல்லு."

வந்தவர் பல்செட் செய்பவர். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் வீட்டில் கதையாட்டம் நடக்கிறது. அவர் கதை சொல்லுவார். மேசையைச் சுற்றியிருக்கும் நான்கு பேர் ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ நடிப்பார்கள். வெட்டு விழுந்ததா, தப்பியதா என்பதைப் பகடை சொல்லும். பல்லுக்கு அச்செடுத்த மாவின் மிச்சத்தை வைத்தே அரக்கர்களைச் செய்துவிடுவாராம். இதே கதையைப் பல வீடுகளில் ஆடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சங்கம். ஒரு வீட்டில் சம்பாதித்த வாளையும் கேடயத்தையும் இன்னொரு வீட்டு மேசைக்கும் கொண்டுபோகலாம் என்பதால், புதையலைப் பங்கு போடுவதில் சங்கம் ரொம்பக் கறார்.

"ஒருத்தர் பொருளை இன்னொருத்தருக்குத் தூக்கிக் கொடுக்கக் கூடாது. பகடையில யாருக்குப் பெரிய எண்ணோ, பொருள் அவங்களுக்கு. அதுதான் சட்டம்," என்றார் பல்செட்காரர். "மூணு வாரமா எல்லாப் பொருளும் என் தங்கச்சிக்கே போகுது. போன வாரம் சங்கத்து மேற்பார்வையாளர் வந்து உட்கார்ந்து பாத்தார். வெள்ளிக் கேடயமும் அவளுக்கே போச்சு. 'இதுக்கு விளக்கம் சொல்லுங்க, இல்லன்னா உங்க தங்கச்சி பேரை எடுத்துடுவோம்'னுட்டார்."

"பகடையை யாரும் பாக்கலையா?"

"கீழ்வீட்டுக்காரர் சத்தம் தாங்கலன்னு ஒரே சண்டை சார். அதனால ஆளுக்கொரு துணி ஒட்டின குவளை கொடுத்திருக்கேன். அதுக்குள்ளேயே குலுக்கி, எட்டிப் பாத்து, எண்ணைச் சொல்லணும். நம்பிக்கைதான்."

"தங்கச்சிகிட்ட கேட்டீங்களா?"

பல்செட்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "கேட்டேன். 'குவளையில இருந்த எண்ணைத்தான் சொன்னியா'ன்னு கேட்டேன். ஆமான்னு சொல்லியிருந்தா அத்தோட விட்டிருப்பேன் சார். வாயே திறக்கல. இனிமே ஆட்டத்துக்கு வரலன்னு போய்க் கதவைச் சாத்திக்கிட்டா."

கைக்குட்டையை மடித்தபடி அவரே தொடர்ந்தார். "கல்யாணம் ஒத்துவராம ஒரு பெட்டியோட வீட்டுக்கு வந்தவ. கண்ணாடிக் கடையில வேலைக்குப் போவா, வருவா, போட்டதைச் சாப்பிடுவா. உப்பு இல்லன்னாகூடக் கேக்க மாட்டா. இந்த மேசையிலதான் முதல்முதலா சிரிச்சா. இதுவும் போச்சுன்னா மறுபடி அறைக்குள்ள அடைஞ்சுடுவா. அவ திருடியிருந்தாகூடப் பரவாயில்ல சார், எனக்கு அவ திரும்ப வந்தாப் போதும்."

இதற்குள் மருமகன் ஒரு டம்ளர் தண்ணீரில் கை கையாக உப்பைக் கொட்டிப் பகடையை மிதக்கவிட்டிருந்தான். உள்ளே ஈயம் இருந்தால் எப்போதும் ஒரே முகம்தான் மேலே வரும். தட்டித் தட்டிச் சுழற்றினான். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு முகம் மேலே வந்தது.

"சே! யோக்கியமான பகடை மாமா," என்றான், யாரோ அவனை ஏமாற்றிவிட்ட மாதிரி.

"அதைத் துடைச்சு வை," என்ற தராசு, பல்செட்காரர் பக்கம் திரும்பினார். "தம்பி, கேடயத்துக்கு உங்க தங்கச்சி சொன்ன எண் என்ன?"

"ஏழு."

"இருபதுல ஏழா? மத்தவங்க?"

"தையல்காரர் ரெண்டு. ரொட்டிக்கடை அண்ணன் நாலு. பஸ் ஓட்டுற அக்கா மூணு."

"அதுக்கு முந்தின வாரங்கள்ல?"

"அவ எட்டு, ஒருதடவை ஒன்பது. மத்தவங்க அதுக்கும் கீழதான். என்னவோ அவங்க நேரம்."

தராசு முதல்முறையாகச் சிரித்தார். "ஏன் குவளைக்குள்ள குலுக்கிட்டு எல்லாரும் கட்டாயம் எண் சொல்லணும்? வேண்டாதவங்க ஒதுங்கிக்கலாமே?"

"ஐயோ, அதை ஏன் கேக்கறீங்க! முன்னாடி அப்படித்தான் இருந்துச்சு. 'எனக்கு எதுக்கு, நீங்க எடுத்துக்கோங்க'ன்னு இவ சொல்லுவா. 'இல்லம்மா, நீ எடுத்துக்கோ'ன்னு அவங்க சொல்லுவாங்க. ஒரு மோதிரத்துக்கு ஒரு சாயங்காலமே போச்சு. கடுப்பாகி, யாரும் ஒதுங்கக் கூடாதுன்னு நான்தான் சட்டம் போட்டேன்."

"நல்ல சட்டம் போட்டீங்க போங்க," என்றார் தராசு. "ஞாயித்துக்கிழமை வர்றேன். எல்லாரும் இருக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை மேசையைச் சுற்றி மூன்று பேர் ஆளுக்கொரு மூலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். தையல்காரருக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆன தழும்பு. குரல் இன்னும் கரகரவென்றுதான் வந்தது. ரொட்டிக்கடைக்காரர் விடியலுக்கு முன்பே அடுப்பு மூட்டுகிறவர். கண்ணில் எப்போதும் தூக்கம். பஸ் ஓட்டும் அக்கா மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

தராசு உள்ளறைக் கதவைத் தட்டினார். "அம்மா, உன் பகடையைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கேன். உன்னைக் கேக்காம எடுத்தது தப்பு. அதை எடுத்தவரே சொல்லுவார்."

கதவு திறந்தது. அண்ணன் எழுந்து நின்று, "நான்தாம்மா எடுத்தேன். மன்னிச்சுக்கோ," என்றார். அவள் பகடையை வாங்கிக்கொண்டாள். உட்காரவில்லை, கதவோரமே நின்றாள்.

"மாப்பிள்ளை பகடையைச் சோதிச்சுட்டார். அதுல ஒரு கோளாறும் இல்ல," என்று தராசு தொடங்கினார். "அப்போ எண்ணைப் பொய்யாச் சொல்லித்தான் ஜெயிச்சிருக்கணும். ஆனா பொய் சொல்லி ஜெயிக்கறவ ஏழுன்னா சொல்லுவா? பதினெட்டு, பத்தொன்பதுன்னு இல்ல சொல்லுவா?"

"அட, ஆமாம்!" என்று மருமகன் தொடையில் தட்டிக்கொண்டான்.

"இந்தப் பொண்ணு எப்படி ஜெயிச்சான்னு எல்லாரும் தலையைப் பிச்சுக்கிட்டீங்க. மத்த மூணு பேரும் எப்படித் தோத்தாங்கன்னு ஒருத்தர் யோசிக்கல. மூணு பேருக்கும் ஒரே சமயத்துல நாலுக்குள்ள விழுமா? என்னைக்காவது ஒருநாள் விழலாம். வாரா வாரம் விழுமா? ஜெயிச்சவ பகடையைத் திருடிக்கிட்டாவது வந்து சோதிப்பாங்க. தோத்தவங்க குவளைக்குள்ள எட்டிப் பாக்க யாருக்குத் தோணும்?"

மூன்று பேரும் சட்டென்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்களுமா?" என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

"அப்போ நீங்களுமா?" என்றார் தையல்காரர். பிறகு அவளைப் பார்த்துக் கரகரத்தார். "எனக்குக் குரல் போனப்போ என் மந்திரவாதி பேச வேண்டியதை எல்லாம் நீதானம்மா பேசினே. நான் கையை ஆட்டறதைப் பாத்தே புரிஞ்சுக்கிட்டு, ஒரு வார்த்தை பிசகாம பேசினே. நீ இல்லன்னா நான் அப்பவே வீட்டோட முடங்கியிருப்பேன்."

"நான் பாதி ஆட்டத்துல தூங்கி வழிவேன்," என்றார் ரொட்டிக்கடைக்காரர். "முழிச்சுப் பாத்தா என் ஆளு உயிரோட இருப்பான். உன் மருந்துக் குப்பியை எல்லாம் அவனுக்கே ஊத்தியிருப்பே."

"என் வில்லாளியைக் காப்பாத்தப் போய் உன் வீராங்கனை செத்தே போனா," என்றார் பஸ் ஓட்டும் அக்கா. "வெறுங்கையோட முதல்படியிலேருந்து மறுபடி ஆரம்பிச்சே. ஒரு முணுமுணுப்பு இல்ல. கொடுக்கவும் சட்டம் இடம் தரல, ஒதுங்கவும் உங்க அண்ணன் விடல. வேற என்னதான் பண்றது? நானும் எண்ணைக் குறைச்சுச் சொன்னேன்."

"எனக்குப் பாவம் பாத்தீங்களா?" என்றாள் அவள்.

"பாவமா? நன்றிடி! போடி பைத்தியக்காரி," என்றார் அக்கா.

மருமகன் மெல்லக் கேட்டான். "எல்லாம் சரி மாமா. அப்படின்னா இவங்க ஏன் அண்ணன் கேட்டப்போ உண்மைதான்னு சொல்லல?"

"அதுதான் மாப்ளே விஷயம். உண்மையைச் சொன்னவ ஆமான்னு சொல்லியிருப்பா. பொய் சொன்னவ அடிச்சுச் சத்தியம் பண்ணியிருப்பா. இவ வாயை மூடிக்கிட்டா. திருடவும் இல்ல, ஆனா பொய் சொல்லியிருக்கா." தராசு அவள் பக்கம் திரும்பினார். "அம்மா, கேடயத்துக்கு உன் குவளைக்குள்ள உண்மையா என்ன விழுந்துச்சு?"

அவள் கையிலிருந்த பகடையை மெல்லத் திருப்பினாள்.

"பத்தொன்பது."

அண்ணன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"நான் இங்க வந்தப்போ என்கிட்ட ஒருத்தரும் ஏன் வந்தேன்னு கேக்கல," என்றாள் அவள். "'உன் இடம் இதுதான், உட்காரு'ன்னாங்க. அதுக்கு நான் என்ன திருப்பித் தர முடியும்? பொருளாவது அவங்களுக்குப் போகட்டும்னு நினைச்சேன். ஏழுன்னு சொன்னா தோத்துடுவேன்னு நினைச்சேண்ணா. இவங்க ரெண்டு, மூணுக்குப் போவாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"பொய் சொல்லக்கூட உனக்குச் சரியாத் தெரியல," என்றார் தையல்காரர். மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவரே முதலில் சிரித்தார்.

"சரி, இப்பவாவது வாயில உண்மை வரட்டும்," என்றார் தராசு. "கேடயத்துக்கு உங்களுக்கெல்லாம் என்ன விழுந்துச்சு?"

"பதினாலு," என்றார் தையல்காரர்.

"பதினேழு," என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

பஸ் ஓட்டும் அக்கா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அஞ்சு."

"அஞ்சை எதுக்கு அக்கா மூணுன்னீங்க?" என்று மருமகன் வாய்விட்டுச் சிரித்தான்.

"ஒரு பாதுகாப்புக்குத்தான்!"

பல்செட்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நடுவராக நிமிர்ந்து உட்கார்ந்தார். "கேடயத்துக்கு முந்தின வாரங்கள்ல போன பொருள் எல்லாம் ரத்து. மேசை நடுவுல ஒரு கிண்ணம் வச்சு, எல்லார் கண்ணு முன்னாடியும் மறுபடி உருட்டப் போறோம். சங்கத்துக்கு நடந்ததை நடந்தபடி நானே சொல்லிடறேன். ஆனா கேடயத்துக்கு எல்லாருடைய எண்ணும் இப்பத் தெரிஞ்சுபோச்சு. பதினாலு, பதினேழு, அஞ்சு, பத்தொன்பது. சட்டப்படி அது..."

அவர் முடிக்கவில்லை. தங்கையைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

"எனக்கு எதுக்கு..." என்று அவள் வழக்கம்போல் தொடங்கினாள். பாதியில் நிறுத்திக்கொண்டாள். அவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு கதவோரத்தை விட்டு நகர்ந்து, நாற்காலியை இழுத்துப் போட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

"வேணும் அண்ணா. அந்தக் கேடயம் எனக்கு வேணும்."

அண்ணன் கேடயத்தை அவள் பெயரில் எழுதினார். ஒரு பெட்டியோடு அவள் வீட்டுக்குத் திரும்பிய நாளிலிருந்து, தனக்கென்று அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள் அதுதான்.