தவமலரின் துயர்ச்சல்லடை

ஸ்காபரோ தமிழ்க் கடையில் தவமலர் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, முன்பின் தெரியாத ஒரு பெண் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மலர் அக்கா, உங்கட தமக்கையின்ர மரண அறிவித்தலை என்ன நிதானமா வாசிச்சனீங்கள்! நானெண்டால் குழறி அழுதிருப்பன்."

"ஆற்ர அறிவித்தல்?"

"லண்டன் புனிதவதி அக்கான்ர. போன மாதம். நீங்கள்தானே வாசிச்சனீங்கள்!"

முருங்கைக்காய் கீழே விழுந்தது. அட கடவுளே! ஒரு சின்னப் பிணக்கில் இரண்டு மாதமாகப் பேச்சில்லை. அக்காவே முதலில் போன் எடுக்கட்டும் என்று தவமலர் வீம்பாகக் காத்திருந்தாள்.

வாசித்தது அவளில்லை, அவள் குரலில் பேசும் இல்லொலிப் பெட்டி. முப்பத்தெட்டு வருடங்களுக்கு முன் கனடாவுக்கு அகதியாக வந்து, ஒரு வீட்டின் நிலவறைச் சுவரில் கம்பளிகளை ஆணியடித்து வானொலி தொடங்கியவள் தவமலர். பாட்டும் செய்தியும் ஒலிபரப்பானாலும், சனம் காத்திருந்தது மரண அறிவித்தலுக்குத்தான். நாலு திசையும் சிதறிப்போன சொந்தங்களுக்கு யார் போனார்கள் என்று அவள் குரல்தான் சொல்லும். நாளடைவில் ஆளுக்காள் போன் எடுத்துச் சொல்லும் வழக்கமே நின்றுபோனது. மலர் வாசித்தால் எல்லாருக்கும் தெரியும் என்று விட்டுவிட்டார்கள்.

பிறகு அவள் குரலை வார்த்தெடுத்து இல்லொலி வந்தது. வீட்டுக்கு ஒரு சின்னப் பெட்டி. வீட்டாரைப் பேர் சொல்லி எழுப்பும், அவர்களுக்கென்றே பேசும். துக்கச் செய்தி வந்ததும் மனிதர்கள் பெட்டியை நிறுத்திவிடுவதைக் கண்டு, தவமலர் அதற்குள் துயர்ச்சல்லடையைப் பொருத்தினாள். கேட்பவரின் நாடித்துடிப்பையும் உறவுகளையும் அறிந்து, நெஞ்சை உடைக்கும் செய்தியை அது நிறுத்திக்கொள்ளும். பதிலுக்கு ஒரு பாட்டுப் போடும். பொன்னாடை என்ன, விருது என்ன! சாவுச் செய்தி இப்போது அழத் தேவையில்லாதவர்களுக்கு மட்டுமே போகிறது என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. அவள் புத்தியும் அங்கே போகவில்லை.

காருக்குள் ஏறியதும் புனிதவதியின் மகள் ஆரணிக்குப் போன் எடுத்தாள்.

"இப்ப என்னத்துக்கு எடுக்கிறியள், சின்னம்மா? செத்த வீட்டுக்குச் சொந்தத்தில ஒருத்தரும் எட்டிப் பாக்கேல்லை. வந்ததெல்லாம் முகந்தெரியாத சனம். நீங்கள் குரல் தளும்பாமல் வாசிச்சதாம், அதுகள்தான் வந்து சொல்லிச்சுதுகள்."

"ஐயோ பிள்ளை, அது நானில்லை, மெசின்! எனக்கு இப்பதான் தெரியும்."

"அப்ப இப்ப கதைக்கிறது?"

"நான்தான் அம்மா, உன்ர சின்னம்மா!"

"நான்தான் எண்டுதான் பெட்டியும் ஒவ்வொரு நாளும் காலமை சொல்லுது."

போன் வெட்டுப்பட்டது. மீண்டும் எடுத்தாள். ஆரணி எடுக்கவில்லை.

நேரே கலையகத்துக்குப் போய், ஒன்பது வருடங்களுக்குப் பிறகு ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்தாள். குரல் கரகரத்தது, விக்கியது. "ஆரணி, என்ர அக்கா போனதை நான் செய்த மெசினே எனக்குச் சொல்லாமல் ஒளிச்சுப்போட்டுது. என்னை மன்னிச்சுக்கொள் பிள்ளை." அதற்குமேல் பேச முடியாமல் அழுதாள். அது அப்படியே இல்லொலிப் பெட்டிகள் வழியே உலகமெங்கும் போனது.

ஒரு மணி நேரத்துக்குள் செய்திகள் வந்து குவிந்தன. கேட்டுக் கண் கலங்கினோம் அக்கா என்று எங்கெங்கோ இருந்து எழுதியிருந்தார்கள். ஒரு பெயரும் அவளுக்குத் தெரிந்ததாக இல்லை.

ஆரணிக்கு அது போய்ச் சேர்ந்ததா என்று திரையில் அவள் வீட்டைத் தேடினாள். 'நிறுத்தப்பட்டது. காரணம்: நெருங்கிய உறவு.' சல்லடையை அந்தந்த வீட்டாரைத் தவிர வேறு எவரும், நிறுவனரே ஆனாலும், விலக்க முடியாது என்று விதி எழுதியவளும் அவள்தான். கீழே, அந்த நேரத்தில் ஆரணிக்கு என்ன ஒலித்தது என்ற பதிவு இருந்தது. அதை அழுத்தினாள்.

இளமையான, தளும்பாத அவள் குரல் சொன்னது:

"வணக்கம் ஆரணி, நான்தான் உங்கட மலர். உங்கட ஆக்கள் எல்லாரும் நல்ல சுகம். வாங்கோ, ஒரு பாட்டுக் கேப்பம்."