சொல்லாமல் விட்ட பாதி

பியூலா பொய் எதுவும் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. பொய் என்றால், "ஆமாம், பொய் சொல்லிவிட்டேன்" என்று ஒத்துக்கொண்டுவிடலாம். அவள் சொன்னது உண்மை. ஆனால் பாதி உண்மை.

பியூலாவும் சுதாராணியும் புதூர்ப் பக்கம் ஒரு கரிசல் கிராமத்தில் ஆறாம் வகுப்புப் படிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே ஆலயத்துக்குப் போகிறார்கள். சுதாராணியின் அம்மா அந்தச் சபையில் பிறந்தவர். அப்பா வீட்டார் அம்மனைக் கும்பிடுகிறவர்கள்.

அறுப்பின் பண்டிகை நெருங்கியது. கரிசல் காட்டில் விளைந்த முதல் உளுந்தையும் கம்பையும் பருத்தியையும் ஆலயத்துக்குக் காணிக்கையாகக் கொண்டுபோகும் நாள் அது. அன்று வேதபாடம் வாசிக்க, ஞாயிறு வகுப்பு எடுக்கும் ரூத் டீச்சர் சுதாராணியைத் தேர்ந்தெடுத்தார். சுதாராணி நிதானமாக வாசிப்பாள். பியூலாவோ முற்றுப்புள்ளி வந்தால்கூட நிற்க மாட்டாள்.

பியூலாவுக்கு வயிறு எரிந்தது. வகுப்பு முடிந்ததும் டீச்சரிடம் போனாள்.

"டீச்சர், சுதா அவ அத்த ஊரு கோயில் கொடைக்குப் போயி, அம்மனுக்குப் படைச்ச பொங்கலத் தின்னா. அவ வாசிக்கலாமா?"

சாமிக்குப் படைத்ததைத் தின்னக்கூடாது என்பது அந்தச் சபையின் வழக்கம். டீச்சரின் முகம் மாறியது. மறுநாளே வாசிக்கும் வேலை பியூலாவுக்கு வந்துவிட்டது.

அவள் சொல்லாமல் விட்ட பாதி இதுதான்: அந்தச் சர்க்கரைப் பொங்கலைச் சுதாராணி ஒரு தூக்குச்சட்டியில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தாள். வேப்பமரத்தடியில் இருவரும் சேர்ந்துதான் தின்றார்கள். அதிலிருந்த முந்திரிப்பருப்பு எல்லாம் பியூலாவின் வயிற்றுக்குள்தான் போனது.

அதற்குப் பிறகு சுதாராணி ஞாயிறு வகுப்புக்கு வரவில்லை. பள்ளியிலும் வேறு பெஞ்சுக்கு மாறிக்கொண்டாள்.

பியூலா வீட்டில் தினமும் பாடத்தை வாசித்துப் பழகினாள். இயேசு சொன்ன ஒரு பகுதி அது. காணிக்கை கொடுக்க வரும்போது, உன்மேல் ஒருவருக்கு மனக்குறை இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிடு, முதலில் போய் அவரோடு சமாதானமாகு, பிறகு வந்து கொடு என்பது அதன் கருத்து.

முதல் நாள் வேகமாக வாசித்தாள். இரண்டாம் நாள் நடுவில் நின்றாள். மூன்றாம் நாள் அதே இடத்தில் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்ப வாசித்தாள்.

"என்னட்டி, திக்குத?" என்றார் அம்மா, உளுந்து புடைத்துக்கொண்டே.

"இது நெசமாவே செய்யணுமாம்மா? இல்ல, வாசிச்சா மட்டும் போதுமா?"

அம்மா முறத்தைக் கீழே வைத்தார். "வாசிச்சா மட்டும் போதும்னா இயேசு எதுக்குட்டி இம்புட்டு விவரமாச் சொல்லணும்?"

பண்டிகை நாள் வந்தது. பியூலா காணிக்கைக்காகத் தான் வளர்த்த கோழியைக் காலைக் கட்டித் தூக்கிக்கொண்டு ஆலயத்துக்குப் போனாள். கழுத்தில் இறகே இல்லாத அந்தக் கோழி, வந்தவர்களையெல்லாம் முறைத்துப் பார்த்தது. முதல் மணி அடித்தது. பியூலா வாசலிலேயே நின்றாள். அடுத்த அடி எடுத்து வைக்க முடியவில்லை.

மணி அடிக்கும் தங்கச்சாமியிடம் ஓடினாள். "அண்ணாச்சி, இதக் கொஞ்சம் பிடிச்சுக்கிடுங்க. இப்ப வந்துருதேன்."

"கொத்துமா?"

"லேசாத்தான் கொத்தும்!"

பியூலா ஓடிப்போனபோது, சுதாராணி தன் வீட்டு முற்றத்தில் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். பியூலாவைப் பார்த்ததும் திரும்பிக்கொண்டாள்.

"சுதா, நான்தான் டீச்சர்ட்ட சொன்னேன்."

"தெரியும்."

"என்ன மன்னிச்சிருட்டி."

"நீயும்தான தின்ன?"

"ஆமா."

"வெரலக்கூட நக்குன."

"ஆமா."

"அத டீச்சர்ட்ட சொன்னியா?"

"இல்ல."

"எங்க அத்த எனக்குன்னு ஆசையாக் குடுத்தா," என்றாள் சுதாராணி. அவள் குரல் உடைந்தது. "உனக்கு இனிப்புன்னா பிடிக்கும்னுதான், வீட்ல கூட தின்னாம அப்படியே கொண்டாந்தேன்."

அது பியூலாவுக்குத் தெரியாது. மன்னிப்புக் கேட்டால் பாரம் குறையும் என்று நினைத்து வந்திருந்தாள். இப்போது கூடிவிட்டது.

"மன்னிச்சிட்டியா சுதா?"

"தெரியல. போ, ரெண்டாம் மணி அடிச்சிரும்."

பியூலா திரும்பி ஓடினாள். ரூத் டீச்சர் பீடத்துக்குப் பக்கத்தில் சோளக்கதிர்களை அடுக்கிக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். அவர்கள் போகட்டும் என்று காத்திருந்தால் தைரியமும் போய்விடும்.

"டீச்சர், நானும் தின்னேன்!"

"எத?"

"பொங்கல. சுதாவோட நானும் தின்னேன். அத மறச்சிட்டேன். வாசிக்கணும்னு ஆசப்பட்டு, அவளப் பத்தி மட்டும் சொன்னேன். நான் வாசிக்க மாட்டேன் டீச்சர்."

நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் கையிலிருந்த கதிரோடு பெஞ்சில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று பியூலா நினைத்தாள். அவர் திட்டவில்லை.

"நான் அந்தப் பிள்ளைகிட்ட ஒரு வார்த்தகூடக் கேக்கலியே," என்றார் மெதுவாக. "நீ சொன்னத மட்டும் கேட்டு முடிவு பண்ணிட்டேன். எம்மேலயும் தப்பு இருக்கு."

கதிரை வைத்துவிட்டு எழுந்தார். வெளியே போய்ச் செருப்பை மாட்டினார். சுதாராணியின் தெருவை நோக்கி வேகமாக நடந்தார்.

இரண்டாம் மணி அடித்தது. மூன்றாம் மணியும் அடித்தது. முதல் பாட்டு முடியும்போது டீச்சர் உள்ளே வந்தார். பின்னாலேயே சுதாராணியும் அவள் அம்மாவும் வந்தார்கள்.

"நீ வாசிக்கியாம்மா?" என்று டீச்சர் குனிந்து கேட்டார்.

சுதாராணி மாட்டேன் என்று தலையசைத்தாள். "இன்னைக்கு வேண்டாம் டீச்சர். நான் படிச்சுப் பாக்கவே இல்ல."

எவ்வளவு அழகாக அவள் வாசித்திருப்பாள்! அது இனி அடுத்த வருடம்தான். பியூலாவுக்குக் கண் கலங்கியது.

அன்று டீச்சரே வாசித்தார். சமாதானமாகு என்ற இடத்தில் அவர் குரலும் கொஞ்சம் தடுமாறியது.

காணிக்கை நேரத்தில் தங்கச்சாமி கோழியைக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. "லேசாத்தான்னு சொன்ன!" என்று முணுமுணுத்தார். பியூலா கோழியைப் பீடத்தின் முன் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

பிள்ளைகள் உட்காரும் பாய்கள் நிறைந்துவிட்டன. எங்கே போவது என்று தெரியாமல் நின்றாள். ஓரத்தில் சுதாராணி இருந்தாள். அவள் பியூலாவைப் பார்க்கவில்லை. சிரிக்கவும் இல்லை.

ஆனால் பாவாடையை ஒதுக்கிக்கொண்டு, ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு நகர்ந்துகொண்டாள்.