கேட்கக் கூடாத ஊர்

“நம்ம தீவுல பிச்சைக்காரனே கிடையாது, கவனிச்சியா பிள்ள?” என்று கல்யாணமான புதிதில் லாசர் கேட்டிருந்தான்.

“அவ்வளவு வசதியான ஊரா?”

“வசதியா? கேட்டாலே குத்தம்னு சட்டம். பிறகு எவன் கேப்பான்?”

அன்று பெல்சி விழுந்து விழுந்து சிரித்தாள்.

இன்று காலை எழுந்ததும், கச்சல்தீவில் எல்லோரும் செய்வதுபோல, வாசலில் நின்ற வண்டியின் மின்வடம் சரியாகச் செருகியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். காற்றாலைகள் நின்று ஒன்பது நாள். வெயிலும் இல்லை. அக்கரையிலிருந்து மின்கம்பி கிடையாது; இருநூறு வண்டிகளின் பேட்டரிதான் ஊருக்கு உயிர். எதிலிருந்து எடுத்து எந்த வீட்டுக்குக் கொடுப்பது என்பதை ‘சமன்’ என்ற கணினி பார்த்துக்கொண்டது. முன்பு ஒருமுறை காற்று நின்றபோது வீடுவீடாகக் கெஞ்சி, அடிதடியாகி, இரண்டு பேர் செத்த பிறகு வந்த ஏற்பாடு. அடுத்தவரிடம் வாய்விட்டு மின்சாரம் கேட்டால், தெருக்கம்பத்தில் மாட்டிய ‘கேட்பான்’ என்ற ஒலிவாங்கி அதைப் பதிந்துகொள்ளும். கேட்டவர் வீட்டு இணைப்பு அந்த நொடியே போய்விடும்.

மின்சாரம் கேட்காமல் பழகிய ஊர், மெல்ல மெல்ல எதையுமே கேட்க மறந்தது. பெண் கேட்க வருகிறவர்கள்கூடச் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்கள்.

உள்ளே லாசரின் மூச்சுக்கருவி இரைந்தது. சுவர்ப்பலகையில் ‘இன்னும் நாற்பது நிமிடம்’ என்றிருந்தது. நோயாளிக்கு முன்னுரிமை உண்டு. கொடுக்கத்தான் எதுவும் மிச்சமில்லை. எதிர்வீட்டு வேனில் மட்டும் எழுபது சதவீதம். லாசரின் அக்கா ஜெசிந்தா, மகள் ஷீலாவின் பிரசவத்துக்கென்று ஒதுக்கியது. சமன் அதைத் தொடாது.

ஜெசிந்தா வெளியே வந்தாள். வேனைப் பார்க்காமலே நின்றாள்.

“தம்பி எப்படி இருக்கான்?”

“இருக்காவ மைனி. ஷீலாவுக்கு?”

“வலிக்குங்கா. பொய்வலியாத்தான் இருக்கும். அவ அப்பன் பேரப்பிள்ளல்லா, எதுக்கும் நேரத்துக்கு வராது.”

இருவரும் சிரித்தார்கள். ஒன்பது நாளாக இப்படித்தான். அந்த ஒன்றைத் தவிர எல்லாம் பேசினார்கள்.

பேச்சில் அரைமணி போயிருந்தது; உள்ளே கருவியின் இரைச்சல் தணிந்தது. பெல்சி எட்டிப் பார்த்தாள். பலகையில் ‘பன்னிரண்டு.’

பெல்சி தெருவைக் கடந்து ஓடி, மைனியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“வேண்டாம் பிள்ள, சொல்லிராத,” என்றாள் ஜெசிந்தா. “சொன்னா ஒன் வீட்டை நிப்பாட்டிருவான்.”

“ஷீலாவை நெனச்சுத்தான் வாயைப் பொத்திக்கிட்டுக் கெடந்தேன். இனி முடியாது. ஒங்க வேனை நேரா எங்க வீட்டுக்குச் சொருகுங்க மைனி. ஒங்க தம்பியை எனக்குக் குடுங்க.”