விடுதி லைன்

ரெட்டியார்சத்திரத்தைத் தாண்டி, முருங்கைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்தது அந்த நூற்பாலை. சூர்யகலா ஸ்கூட்டியை நிறுத்தியபோது வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ஆபீஸ் அறைக்குள்ளோ ஈரத்துணியை மூட்டையாகக் கட்டிப் போட்டதுபோல ஒரு வாடை. ஜன்னல் கம்பிகளில் பஞ்சுத் தூசி நரைத்த மயிராகத் தொங்கியது.

மேனேஜர் ரங்கசாமி அவள் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"கூட ஆம்பளை யாரும் வரலையா?"

"நான்தான் சார் வந்திருக்கேன். உங்க போனுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது."

இன்டர்நெட் போன் மாட்டிக்கொடுக்கும் வேலையில் இப்படிப்பட்டவர்களை அவள் நிறையப் பார்த்தாயிற்று. உள்ளுக்குள் காறித் துப்புவாள்; வெளியே 'சார்' என்பாள். அப்படிச் சொல்லும் தன் நாக்கின் மேலும் அவளுக்கு மரியாதை இல்லை.

"எந்த நம்பரை அடிச்சாலும் ஒரே பொம்பளைகிட்டப் போய் விழுகுது. இப்ப எங்க வீட்டுக்கு அடிக்கிறேன், நீயே கேளு."

ஸ்பீக்கரில் மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள்.

"கண்ணு? சொல்லு கண்ணு. அம்மா இருக்கேன்."

ரங்கசாமி பட்டென்று வைத்துவிட்டுக் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார்.

"யாரு சார் அது?"

"கருப்பம்மாள்னு, கீரனூர்க்காரி. அவ மக கௌசல்யா இங்க விடுதியில தங்கி வேலை பார்த்துச்சு. காய்ச்சல்ல போய்ச் சேந்துருச்சு. அதுக்கு நாம என்ன பண்றது?"

நனைந்துபோன பஞ்சுப் பொதியைப் பற்றிப் பேசுகிற குரல்.

லேப்டாப்பைத் திறந்தாள். எந்தப் போனில் எந்த எண்ணை அழுத்தினால் அழைப்பு எங்கே போக வேண்டும் என்று சொல்லும் கட்டளைகள் வரிவரியாக ஓடின. முன்பு வந்துபோனவன் எல்லாவற்றையும் சிக்கு நூலாக்கி வைத்திருந்தான். மூதேவி. ஆனால் ரங்கசாமியின் போனுக்கான வரிகளில் பிழை இல்லை. கீழே, பெண்கள் விடுதிக்கான இடத்தில், ஒரு வரியில் அவள் கண் நின்றது.

விடுதிப் போனிலிருந்து யார் வீட்டுக்கு அழைத்தாலும் அழைப்பு வெளியே போகாது. மணி அடிக்கிற சத்தம் மட்டும் கேட்கும். பிறகு, 'நீங்கள் அழைத்தவர் பதிலளிக்கவில்லை' என்று பதிவு செய்த குரல்.

"இது என்ன சார்?"

"செல்போனை வாசல்லயே வாங்கி வச்சிருவோம். இந்த ஒத்தப் போன்ல வீட்டுக்குப் பேசினா ஒப்பாரி வைப்பாளுக, மறுநா பையத் தூக்கிட்டு நிப்பாளுக. வீட்டுல எடுக்கலைன்னா செத்த நேரம் மூஞ்சியத் தூக்கிட்டு, அப்புறம் அடங்கிருவாளுக." பாராட்டுக்காகக் காத்திருப்பவர்போலச் சிரித்தார்.

காய்ச்சலோடு அந்தப் பெண் மறுபடி மறுபடி அழுத்தியிருப்பாள். அம்மாவுக்குத் தன்னிடம் பேச மனமில்லை என்று நினைத்துக்கொண்டே கண்ணை மூடியிருப்பாள்.

சூர்யகலா அந்த வரியை நிறுத்திவிட்டு, ரங்கசாமியை அவர் வீட்டுக்கு மறுபடி போன் அடிக்கச் சொன்னாள்.

"என்னங்க, சோத்துக்கு வெஞ்சனம் என்ன வைக்க?" அவர் மனைவிதான்.

வரியைத் திரும்பப் போட்டு, மறுபடி அடிக்கச் சொன்னாள்.

"கண்ணு?"

ரங்கசாமியின் முகம் வெளுத்தது. ஆனாலும் சொன்னார்: "அந்த வரி இருந்தாகணும். வேற வழி பாரு."

இந்த ஆளிடம் பயப்படக்கூட ஒழுங்கான மனசு இல்லை என்று தோன்றியது அவளுக்கு. இன்னும் சற்று நேரத்தில் ஷிப்ட் விட்டு வரும் பெண்கள் விடுதிப் போனைத்தான் எடுப்பார்கள். அவள் வரியை அடியோடு அழித்தாள். இனி எவனும் உள்ளே நுழைந்து திரும்ப எழுதாதபடி பாஸ்வேர்டை மாற்றினாள்.

"வேற வழியில சரி பண்ணிட்டேன் சார்."

அவர் அடித்துப் பார்த்தார். வீட்டுக்கே போனது.

"பரவாயில்லையே, உனக்கும் மூளை இருக்கு."

ஆலைச் சங்கு ஊதியது. விடுதி வராந்தாவுக்குப் பெண்கள் ஓடுவது ஜன்னலில் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு கூச்சல்: "எடுத்துட்டாங்கடி! எங்கம்மா எடுத்துட்டாங்க!"

"என்ன பண்ணித் தொலைச்ச?" ரங்கசாமி பாய்ந்து எழுந்தார்.

சுவரில், போன் வயர்களைச் செருக வரிசை வரிசையாக ஓட்டைகள் வைத்த பெட்டியில் ஒரு பச்சை விளக்கு துடித்தது. விடுதியின் வயர் செருகிய இடம் அது.

பக்கத்து ஓட்டையிலும் விளக்கு துடித்தது.

அதற்கடுத்ததிலும்.

"அதுலதான் வயரே இல்லையே..." ரங்கசாமியின் குரல் உள்ளே போனது.

மேஜை மேலிருந்த ஸ்பீக்கர் தானாகத் திறந்துகொண்டது. ஈரத்துணி வாடை மூக்கை அடைத்தது.

"அம்மா, நான்தான்."

"அம்மா, எடுத்துட்டியா?"

"அம்மா, மேலுக்கு முடியலம்மா."

ஒரு குரல் அல்ல. ஒன்றைப்போல இன்னொன்று இல்லை.

சூர்யகலா ரங்கசாமியைத் திரும்பிப் பார்த்தாள். இவரைப் புழு என்று நினைத்திருந்தாள். அது எவ்வளவு மரியாதையான சொல்.

"கௌசல்யா மாதிரி எத்தனை பேரு சார்?"

அவர் தடுமாறி ஓடி, சுவரிலிருந்து பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார்.

பிளக் அவர் கையில் இருந்தது. விளக்குகள் இரண்டாவது வரிசைக்கு ஏறின.